வெடிக்குள் சுருண்ட தாள்: ஒரு வரலாற்றுப் பார்வை



தீபாவளிக்கு மறுநாள் காலையில் வீட்டு வாசலைக் கூட்டும்போது குவியல் குவியலாகக் காகிதத் துண்டுகள் வருகின்றன. சிவப்புத் தாள், பழுப்புத் தாள், சில வேளைகளில் எழுத்து அச்சான தாளும் அதில் இருக்கும். மருந்தைப் பற்றியும் ஓசையைப் பற்றியும் நாம் நிறையப் பேசுகிறோம். அந்த மருந்தைத் தாங்கி நின்ற தாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தாள் இல்லாவிட்டால் இன்றைய பட்டாசு இல்லை. அந்தத் தாள் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது, வெடிப்பதற்கு முன்பு அது என்னவாக இருந்தது என்று கேட்டுப் பார்த்தால் சீனம், தமிழகம், வங்காளம், அமெரிக்கா, நம் கடாரம் என்று ஒரு நீண்ட வரலாறு விரிகிறது. அவ்வரலாற்றை இயன்றவரை சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூங்கிலிலிருந்து தாளுக்கு

சீனத்தில் முதலில் வெடித்தது மருந்தன்று, மூங்கில்தான். பச்சை மூங்கிலை நெருப்பில் இட்டால் கணுக்களுக்கு இடையே அடைபட்ட காற்றும் ஈரமும் சூடேறிப் படார் என்று வெடிக்கும். தீய ஆவிகளை விரட்டுவதற்காகச் சீனர்கள் இதனைச் செய்தார்கள். இன்றும் சீன மொழியில் பட்டாசைக் குறிக்கும் 'பாவ்சூ' என்னும் சொல்லுக்கு 'வெடிக்கும் மூங்கில்' என்பதே நேர்ப்பொருள். பொருள் மாறிய பின்னும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெடிமருந்து கண்டறியப்பட்ட பின்னர் அதை மூங்கில் குழலில் அடைத்தார்கள். சொங் அரச மரபின் காலத்தில், அதாவது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, மூங்கிலின் இடத்தைத் தாள்குழல் பிடித்தது. சீனத்தில் தாளுக்குப் பஞ்சமில்லை. கி.பி. 105இல் சாய் லுன் என்னும் அரண்மனை அலுவலர் மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றைக் கூழாக்கித் தாள் செய்யும் முறையைப் பேரரசரிடம் அறிவித்ததாகச் சீன வரலாறு குறிக்கிறது. அதற்கும் முன்பே தாள் இருந்ததை அகழாய்வுகள் காட்டுகின்றன. எனினும் தாள்செய் முறை செம்மைப்பட்டதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

தாளுக்கு மாறியதில் ஓர் அறிவியல் காரணமும் உண்டு. மூங்கில் வெடித்தால் கூரிய சிம்புகள் பறக்கும். தாளோ பல அடுக்குகளாகச் சுற்றப்படுவது. உள்ளே அழுத்தம் பெருகும் வரை அடுக்குகள் ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு தாங்கும். பின்னர் கிழிந்து, எடையற்ற துண்டுகளாகச் சிதறும். வலிமையும் மென்மையும் ஒரே பொருளில் அமைந்திருப்பதே தாளின் சிறப்பு. நீண்ட நார் உள்ள தாள் வலுவாக இருக்கும். குறுகிய நார் உள்ள தாள் எளிதில் கிழியும். பட்டாசுத் தொழிலில் உள்குழலுக்கு ஒரு தாளும் மேற்சுற்றுக்கு வேறொரு தாளும் அமைந்ததற்கு இதுவே அடிப்படை. மேற்சுற்று சிவப்பாக இருப்பது மங்கலத்தின் பொருட்டு. சீனப் பெருநாளன்று வாசலில் சிதறிய சிவப்புத் தாளை உடனே கூட்டித் தள்ள மாட்டார்கள். கூட்டினால் செல்வமும் வெளியே போய்விடும் என்பது அவர்களின் நம்பிக்கை.

சொற்கள் சொல்லும் கதை

மாணவர்களுக்குச் சொற்களின் வழியே வரலாற்றைச் சொல்வது எளிது. 'காகிதம்' என்பது பாரசீகத்தின் 'காகஸ்' என்னும் சொல்லோடு உறவுடையது. மலாய் மொழியின் 'கெர்த்தாஸ்' அரபு மொழியின் 'கிர்த்தாஸ்' என்பதிலிருந்து வந்தது. இரண்டு சொற்களுமே இப்பொருள் வணிக வழியாகப் பயணம் செய்ததைக் காட்டுகின்றன. நம் 'தாள்' என்னும் சொல்லோ புல், நெல் ஆகியவற்றின் தண்டைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். புல்லின் தண்டும் நார், தாளும் நார். எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்!

'மத்தாப்பு' என்பதும் வந்த சொல்தான். பாரசீகத்தில் 'மஹ்தாப்' என்றால் நிலவொளி. மலாய்க்காரர்கள் வாணவேடிக்கையை 'பூங்கா அப்பி' என்பார்கள். நெருப்புப் பூ என்று பொருள். நாம் 'பூவாணம்' என்கிறோம். நெருப்பில் பூவைக் கண்ட கண் இரு இனத்தாருக்கும் ஒன்றே.

ஓலையும் தாளும்

தென்னாட்டில் வாணவேடிக்கை புதியதன்று. பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் 1443இல் விசயநகரத்தில் தங்கியிருந்தபோது மகாநவமி விழாவைக் கண்டார். அங்கு நடந்த வாணவேடிக்கைகளின் வகைகளை விரித்துரைக்க இயலாது என்னும் கருத்தில் அவர் எழுதியுள்ளார். இத்துறையை ஆராய்ந்த பி. கே. கோடே என்னும் அறிஞர், 1400 முதல் 1900 வரையிலான இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றைத் தனி நூலாகவே தந்திருக்கிறார்.

தாள் அரிதாக இருந்த நாட்டில் மருந்தைப் பொதிய ஓலை இருந்தது. பனையோலையை முக்கோணமாக மடித்துச் செய்யும் ஓலைவெடி கேரளத்தில் இன்றும் 'ஓலப்படக்கம்' என்று பெயர் பெற்று விளங்குகிறது. தமிழரின் நூல்களையெல்லாம் தாங்கியதும் அதே ஓலைதான். எழுதவும் ஓலை, பொதியவும் ஓலை என்ற நிலை மாறித் தாள் வந்தபோது, இரு பணிகளையும் தாளே ஏற்றுக்கொண்டது.

தொடக்கத்தில் தாள் எவ்வளவு அரிய பொருளாக இருந்தது என்பதற்குத் தரங்கம்பாடி ஒரு சான்று. சீகன்பால்கு அங்கு அச்சகம் நிறுவித் தமிழில் நூல்களை அச்சிட்டார். செருமனியின் ஆலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்து சேர்ந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் கையிலிருந்த தாள் போதாது என்பது விரைவிலேயே தெரிந்தது. எனவே இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கிச் சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்துக்கொண்டார்கள். அருகிலிருந்த பொறையாற்றில் தாள் ஆலை ஒன்றையும் தொடங்கினார்கள். தாளைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவே தமிழ் எழுத்தின் அச்சுருவம் சிறுத்தது என்பதை நம் மாணவர்கள் அறிந்தால் வியப்பார்கள்.

நூல் தோட்டாவான கதை

வெடிமருந்தும் தாளும் சேர்ந்த இடம் திருவிழா மட்டுமன்று, போர்க்களமும் ஆகும். பழைய துப்பாக்கிகளுக்குரிய தோட்டா என்பது மருந்தும் குண்டும் வைத்துச் சுருட்டிய தாள்குழலே. வீரன் அதன் முனையைப் பல்லால் கடித்துத் திறந்து, மருந்தைத் துப்பாக்கிக் குழலில் கொட்டுவான். ஓவியப் பாடத்தில் நாம் பயன்படுத்தும் தடித்த வரைதாளுக்கு ஆங்கிலத்தில் 'கார்ட்ரிட்ஜ் பேப்பர்' என்று பெயர். தோட்டாத் தாள் என்பதே அதன் பொருள்! நம் பிள்ளைகள் வண்ணம் தீட்டும் தாளின் பெயரிலே பழைய போர்க்களம் ஒளிந்திருக்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எப்ராத்தா என்னும் ஊரில் ஒரு சமயக் குழுவினர் 1748–49இல் 'தியாகிகளின் கண்ணாடி' என்னும் பெருநூலைச் செருமன் மொழியில் அச்சிட்டார்கள். ஏறத்தாழ 1,500 பக்கங்கள் கொண்ட அந்நூல், விடுதலைக்கு முந்திய அமெரிக்காவில் அச்சான நூல்களுள் மிகப் பெரியது. ஆயுதம் ஏந்த மறுத்து உயிர் துறந்தவர்களின் வரலாறே அதன் உள்ளடக்கம். விடுதலைப் போர் மூண்டபோது தோட்டா செய்யத் தாள் இல்லை. படையினர் வந்து, கட்டப்படாமல் எஞ்சியிருந்த அந்நூலின் தாள்களை வண்டிகளில் ஏற்றிச் சென்றார்கள். போர் வேண்டா என்று சொன்ன ஏடுகள் போர்க்களத்தில் தோட்டாவாக வெடித்தன. இதைவிடக் கசப்பான முரணை வரலாற்றில் காண்பது அரிது.

நமக்கு அண்மையில் நடந்தது 1857. என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவப்பட்டுள்ளதாக வங்காளப் படையில் செய்தி பரவியதைப் பாடநூல்களில் படித்திருக்கிறோம். கொழுப்பு மட்டுமன்று, தாளும் ஐயத்திற்கு உள்ளானது என்பது பலருக்குத் தெரியாது. பராக்பூரில் அவ்வாண்டு பிப்ரவரியில் நடந்த விசாரணையில், புதிய தாள் பழைய தாளைப் போல் இல்லை, பளபளப்பாக இருக்கிறது என்று சிப்பாய்கள் கூறினார்கள். பிப்ரவரி 26ஆம் நாள் பெர்காம்பூரில் 19ஆம் படைப்பிரிவினர் தோட்டாவை ஏற்கத் தயங்கியதற்கும் தாளின் நிறவேறுபாடு ஒரு காரணம். மார்ச் 29இல் மங்கள் பாண்டே, மே 10இல் மீரட் என்று நெருப்பு பரவியது. ஒரு பேரரசை உலுக்கிய எழுச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் நம்பிக்கை இழந்த மக்களின் கையில் கிடைத்த ஒரு துண்டுத் தாளும் அடங்கும்.

சிவகாசி: அச்சும் வெடியும்

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்காகக் கல்கத்தா சென்றார்கள். திரும்பி வந்து அவர்கள் தொடங்கிய தொழில், மழை குறைந்த அக்கரிசல் நிலத்தில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கு மேலொட்டுத் தாள் வேண்டும். அதற்காக அச்சகங்கள் வந்தன. இரண்டாம் உலகப் போரால் வெளிநாட்டுப் பட்டாசின் வரத்து நின்றது. 1940இல் வந்த வெடிபொருள் விதிகள் உரிமம் பெற்ற ஆலைகளுக்கு வழிவகுத்தன. இவ்வாறு தீப்பெட்டி, அச்சு, பட்டாசு ஆகிய மூன்றும் ஒரே ஊரில் உடன்பிறப்புகளாக வளர்ந்தன. நாள்காட்டியும் குறிப்பேடும் அச்சிடும் ஊரே பட்டாசும் செய்கிறது. தாளை அறிந்தவர்களின் ஊர் அது.

ஆயினும் அவ்வூரின் வரலாற்றில் துயரமும் உண்டு. பல்லாண்டுக் காலம் சிறுவர் சிறுமியரின் விரல்கள் அங்குத் தாள்குழல் சுருட்டின. பள்ளியில் எழுத வேண்டிய கை, எழுதா வெறுந்தாளைச் சுருட்டிக் கூலி பெற்றது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். உரிமமும் பயிற்சியும் உள்ள இடத்திலேயே இந்நிலை என்றால், வீட்டுக் கூடத்தில் செய்வதைப் பற்றி என்ன சொல்வது?

கடாரத்தின் தோட்டங்களில்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1786இல் கெடா சுல்தானின் ஆட்சிப்பகுதியாக இருந்த பினாங்குத் தீவில் பிரான்சிஸ் லைட் குடியேற்றத்தை நிறுவினார். அத்துறைமுகத்தின் வழியே சீன வணிகரும் தமிழ் வணிகரும் பெருகினர். சீனப் பட்டாசும் தாளும், தமிழகத்துப் பொருள்களும் அங்கு இறங்கி, கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங், பாலிங் என்று உள்நாட்டுக்குப் பரவின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது, பால்மரத்துக்கு வந்த தமிழரின் தீபாவளிக்கும் சீனர் கடையின் பட்டாசே ஒளி தந்தது.

தோட்டத்து லயன் வீடுகளில் எழுதாத தாள் அரிய பொருள். அதனால் ஒவ்வொரு தாளும் பல பிறவிகள் எடுத்தது. செய்தித்தாள் படிக்கப்படும், பிறகு அலமாரியில் விரிக்கப்படும், பிறகு மளிகைப் பொட்டலமாகும். பழைய நாள்காட்டித் தாள் பாடநூலுக்கு அட்டையாகும். பழைய தேர்வுத்தாள் கூம்பாகச் சுருண்டு கச்சாங் பூத்தே விற்பவரின் கையில் கடலை ஏந்தும். சிமெண்டுப் பையின் பழுப்புத் தாள் எதற்கும் உதவும். அத்தாளுக்கு 'கிராப்ட்' என்று பெயர். செருமன் மொழியில் 'வலிமை' என்று பொருள். 1879இல் டான்சிக் நகரில் கார்ல் டால் என்பவர் கண்ட முறையில் மரநார் அதிகம் சிதையாமல் கிடைப்பதால் அத்தாள் எளிதில் கிழியாது.

கையிலே தாள், மனத்திலே திருவிழா என்றால் சிறுவர்களின் ஆர்வம் எங்குச் செல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை. மலாய்க் கம்பங்களில் நோன்பு மாதத்தில் மூங்கில் பீரங்கி முழங்கும். சீனம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட மூங்கில் இங்கே தொடர்ந்து ஒலித்தது! தாளைச் சுருட்டித் தாமே வெடி செய்து பார்க்கும் இளைஞர்கள் எல்லா இனத்திலும் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஒவ்வொரு பெருநாளின்போதும் விரல் இழந்தவர், கண் இழந்தவர் பற்றிய செய்தி நாளிதழில் வராமல் இருப்பதில்லை. அவர்களுள் பள்ளி மாணவர்களும் உண்டு.

1991 மே 7ஆம் நாள் சிலாங்கூர், சுங்கை பூலோவில் இயங்கிய பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். சுற்றியிருந்த வீடுகளின் கூரைகளும் கண்ணாடிகளும் நொறுங்கின. நம் நாட்டு மக்கள் பட்டாசைப் பார்க்கும் பார்வையை மாற்றிய நாள் அது. 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் உரிமமின்றி வெடி செய்வது குற்றமாகும். வெறும் விளையாட்டு என்று சட்டம் அதைப் பார்ப்பதில்லை. பெற்றோர் இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

எழுதிய தாளுக்கு மரியாதை

கையைக் காப்பது ஒரு கடமை. இன்னொரு கடமையும் உண்டு. அது தாளைக் காப்பது.

சீனரிடம் எழுத்துள்ள தாளை மதித்துப் போற்றும் பழைய மரபு ஒன்று இருந்தது. எழுதிய தாளைக் குப்பையில் எறிய மாட்டார்கள், மிதிக்க மாட்டார்கள். அதைத் திரட்டித் தனி உலையில் முறையாக எரிப்பார்கள். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் சாலையில் 1849–1852 காலத்தில் எழுந்த சோங்வென் கே மாடத்திலும் இதற்கென்றே ஓர் உலை அமைந்திருந்தது. நம் வீடுகளிலும் இவ்வுணர்வு உண்டு. புத்தகத்தில் கால் பட்டால் நம் பிள்ளை உடனே அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். யாரும் பாடம் நடத்தி இதைக் கற்பிக்கவில்லை.

ஆனால் கண்ணில் ஒற்றிக்கொண்ட நாமே மூட்டை மூட்டையாக எடைக்குப் போடவும் தயங்குவதில்லை. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிச் சென்றபோது, கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் இருந்த பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்துத் தீயில் இடப்பட்டுவிட்ட செய்தியைக் கேட்டு உள்ளம் நொந்தார். பழுதுபட்டதை எரிப்பது புண்ணியம் என்று நம்பியே அவர்கள் அதைச் செய்தார்கள். தீய எண்ணம் யாரிடமும் இல்லை. அறியாமையால் மட்டுமே நூல்கள் அழிவதில்லை. 'இது பழசு' என்னும் ஒரு சொல்லாலும் அழிகின்றன.

நம் நாட்டில் 'தமிழ் நேசன்' 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோனது. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தோட்டத்துச் செய்திகளை, சங்கக் கூட்டங்களை, பள்ளி ஆண்டுவிழாக்களை அச்சிட்ட ஏடு அது. அதன் பழைய இதழ்களுள் எத்தனை கடலைக் கூம்பாயின, எத்தனை பொட்டலமாயின, எத்தனை எரிந்தன! கெடாவில் தோட்டங்கள் கைமாறி, வீட்டுமனைகளாகி, தமிழ்ப்பள்ளிகள் இடம் பெயர்ந்தபோது பெயர்ப்பதிவேடு, வருகைப்பதிவேடு, ஆண்டுமலர், குழுப்படம் ஆகியவற்றின் கதி என்ன என்று நாம் நினைத்துப் பார்ப்பதுண்டா? ஒரு தோட்டத்தில் இன்னார் வாழ்ந்தார், இன்னார் படித்தார் என்பதற்கு வேறு சான்று இல்லாத இடங்கள் பல உள்ளன. மெர்போக் ஆற்றங்கரையில் பூசாங் பள்ளத்தாக்கின் கற்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கடாரத்தைப் பற்றிப் பேசுகின்றன. நூறு ஆண்டுகளுக்கு முந்திய தோட்டத் தமிழரைப் பற்றிப் பேசக் கல் இல்லை. தாள் மட்டுமே உண்டு.

நாம் செய்யக் கூடியவை

ஆசிரியர்கள் நாட்டுப்பற்று, வரலாறு, ஓவியம், நன்னெறி ஆகிய பாடங்களில் இச்செய்திகளை எளிதாக இணைக்கலாம். சில எண்ணங்களை முன்வைக்கிறேன்:

1. பழைய தாளைக் கூழாக்கிக் கையால் தாள் செய்யும் நடவடிக்கையை வகுப்பில் நடத்தலாம். ஒரு தாள் உருவாக எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்வர். நார் எப்படிப் பின்னுகிறது என்பதையும் காண்பர்.

2. தாளைச் சுருட்டும் ஆர்வத்தை வேறு வழியில் திருப்பலாம். தாள்குழலால் பாலம் கட்டி எத்தனை நூல்களைத் தாங்குகிறது என்று சோதிக்கலாம். வண்ணத் தாளால் தோரணமும் விளக்குக்கூடும் செய்யலாம். வெடி செய்யும் பையனுக்கு வேண்டியது பெரும்பாலும் தன் கையால் ஒன்றை உருவாக்கும் இன்பமே. அதை நாம் தராவிட்டால் அவன் வேறிடத்தில் தேடுவான்.

3. தீபாவளிக்கு முன்னர் பெற்றோர் வீட்டில் ஐந்து நிமிடம் இதைப் பேசுங்கள். அதட்டலாக வேண்டா. எவ்வகைப் பட்டாசுக்கு அனுமதி உண்டு என்பதைக் காவல் துறையின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் செய்வதற்கு அனுமதியே இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

4. 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு பழைய தாள் வண்டி உங்கள் தாமானுக்குள் வரும்போது, மூட்டையைத் தூக்கிக் கொடுக்குமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பழைய பள்ளி ஆண்டுமலர், தோட்டத்துக் கோவிலின் திருவிழா அறிக்கை, சம்பளச் சீட்டு, தாத்தாவின் கடிதம், தமிழகத்திலிருந்து வந்த திருமண அழைப்பிதழ் ஏதேனும் இருந்தால் எடுத்து வையுங்கள். எடைக்குப் போட்டால் சில காசுகள்தாம் கிடைக்கும்.

5. எடுத்து வைத்ததைப் படம் பிடித்து, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, படத்தில் இருப்பவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பேரப்பிள்ளையின் கையெழுத்தில் அக்குறிப்பு இருப்பது இன்னும் சிறப்பு. பள்ளி நூலகத்தில் ஒரு பெட்டி ஒதுக்கினால் போதும். அதுவே ஓர் ஆவணக் காப்பகத்தின் தொடக்கம்.

தாள் எதையும் மறுப்பதில்லை. மருந்தை வைத்தால் மருந்தைச் சுமக்கும்; எழுத்தை வைத்தால் எழுத்தைச் சுமக்கும். எதை வைப்பது என்று முடிவு செய்வது நம் கை. அந்தக் கையும் முழுதாக இருக்க வேண்டும், அந்தத் தாளும் முழுதாக இருக்க வேண்டும் என்பதே ஓர் ஆசிரியரின் வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பழைய தோட்டப்பள்ளி ஆவணங்கள் இருக்குமாயின், அவற்றை இவ்வாண்டுப் பள்ளி விடுமுறையிலேயே வரிசைப்படுத்தத் தொடங்குங்கள். கரையான் விடுமுறை எடுப்பதில்லை.